செக்கு கடலை எண்ணெய் போதுமா, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். எனக்கு ஆறாம் மாதம். முட்டை உண்டு, மீன், கறி கிடையாது. சமையலுக்குச் செக்கு கடலை எண்ணெய்தான். குழந்தையின் மூளைக்கு நல்ல கொழுப்பு வேண்டும் என்கிறார்களே, நான் சாப்பிடுவது அப்படியே அதற்குப் போய்விடுமா?

பதில்: அப்படியே போகாது. உங்கள் ரத்தத்தில் கொழுப்பு பெரிய துகள்களாகச் சுற்றிவருகிறது. அந்தத் துகள்கள் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அங்குள்ள நொதிகள் அவற்றை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கும். பிறகு அதற்கென்றே உள்ள புரதங்கள் அவற்றைச் சுமந்து குழந்தையின் ரத்தத்தில் சேர்க்கும். எல்லா அமிலத்துக்கும் ஒரே மரியாதை இல்லை. மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலத்தை நஞ்சுக்கொடி தேடிப் பிடித்து அனுப்பும். பிறக்கும்போது பார்த்தால், தாயின் ரத்தத்தைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதன் விகிதம் கூடுதலாக இருக்கும்.

இன்றைய சாப்பாடு மட்டும்தான் கணக்கு என்றும் இல்லை. முதல் மாதங்களில் உடல் கொழுப்பைச் சேமித்து வைத்து, கடைசி மூன்று மாதங்களில் அவிழ்த்துவிடும். குழந்தை டிஎச்ஏ-வை அதிகம் சேர்ப்பதும் அப்போதுதான். மசக்கையில் நாலு நாள் சாப்பிடாமல் கிடந்ததற்காக இப்போது கவலைப்பட வேண்டாம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். கடலை எண்ணெயில் லினோலியிக் அமிலம், அதாவது ஒமேகா-6, தாராளம். நல்லெண்ணெய், சூரியகாந்தியிலும் அப்படித்தான். ஒமேகா-3 மட்டும் இவற்றில் இல்லை என்றே சொல்லலாம். எண்ணெயை மாற்றச் சொல்லவில்லை; குறையை வேறு வழியில் நிரப்புங்கள். ஆளி விதையை லேசாக வறுத்துப் பொடித்து, தினம் ஒரு ஸ்பூன் இட்லிப் பொடியிலோ மோரிலோ கலந்துகொள்ளுங்கள். முழு விதையாக விழுங்கினால் பெரும்பாலும் செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும். வால்நட்டும் நல்லது. ஆனால் இவற்றில் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் என்ற வேறொரு ஒமேகா-3. அதை டிஎச்ஏ-வாக மாற்றும் திறன் நம் உடலுக்குச் சொற்பம். முட்டை மஞ்சள்கருவில் கொஞ்சம் டிஎச்ஏ உண்டு, போதாது.

அதனால் உங்களைப் போன்றவர்களுக்குப் பாசியிலிருந்து எடுக்கும் டிஎச்ஏ மாத்திரையைத்தான் சொல்வேன். மீனுக்கே அது பாசியிலிருந்துதான் கிடைக்கிறது. தினம் குறைந்தது 200 மி.கி. வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணெயின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பின்பக்கம் டிஎச்ஏ எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கும். பல மாத்திரைகளின் மேலுறை மாட்டு எலும்பிலிருந்தோ தோலிலிருந்தோ எடுத்த ஜெலட்டின். சைவம் என்றால் அதையும் பார்த்து வாங்குங்கள்.

மீன் சாப்பிடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: மேட்டூர் அணைக் கட்லா, ரோகு நல்ல புரதம்தான். ஆனால் டிஎச்ஏ-வுக்கு மத்தி, நெத்திலி, அயிலைதான். சேலம் மார்க்கெட்டுக்கு வரும்போது வாங்கி வாரம் இரண்டு முறை குழம்பு வையுங்கள். பாதரசம் சேரும் சுறா வேண்டாம்.

மீன் ஈரல் எண்ணெய் மாத்திரை யாருக்குமே வேண்டாம். அதில் வைட்டமின் ஏ மிகுதி, கர்ப்பத்தில் அது ஆபத்து. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோ ஊசியோ போட்டுக்கொண்டிருந்தால், எந்த ஒமேகா-3 மாத்திரையையும் உங்கள் டாக்டரிடம் காட்டிய பிறகே தொடங்குங்கள்.