ரும்பா ஸ்பெயினுடையதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் நடன வகுப்பில் ரும்பாவும் சா-சா-சாவும் பழகுகிறாள். இரண்டும் ஸ்பெயினிலிருந்து கியூபாவுக்குப் போனவை, ஆப்பிரிக்கர்கள் மேளத்தை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள் என்று வகுப்பில் சொன்னார்களாம். அது சரியா?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மேசையில் தட்டிப் பாருங்கள். பதினாறு வரை சீராக எண்ணிக்கொண்டு 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் மட்டும் தட்ட வேண்டும். முன்பாதியில் மூன்று, பின்பாதியில் இரண்டு. இதற்குப் பெயர் கிளாவே. கியூபாவின் சோன் இசை இதன்மேல்தான் நிற்கிறது. ரும்பாவில் மூன்றாவது தட்டு ஏழிலிருந்து எட்டுக்குத் தள்ளிப்போகும். அந்த இம்மியளவு தாமதம் போதும், கேட்பவரின் தோள் தானாக அசையும். இப்படி ஒரு கணக்கை விடாமல் சுழலவிட்டு, மற்ற மேளங்களை அதைச் சுற்றிப் பின்னுவது மேற்கு ஆப்பிரிக்க வழக்கம். அங்கே இரும்பு மணியில் தட்டுவார்கள். கியூபாவில் அது இரண்டு கட்டைகளுக்கு வந்தது. கப்பல் கட்டும் துறைகளில் கிடந்த மர முளைகளே அந்தக் கட்டைகள் என்பார்கள்.

1791இல் ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, சர்க்கரைத் தொழில் கியூபாவில் பெருகியது. கரும்புத் தோட்டங்களுக்காக மனிதர்களைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். அடிமைமுறை அங்கே 1886இல்தான் ஒழிந்தது. 1860கள் வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்ததால் யோருபா, காங்கோ ஆகிய ஆப்பிரிக்க மக்களின் தெய்வங்களும் தாளங்களும் மறக்கப்படவில்லை. மத்தான்சாஸ், ஹவானா துறைமுகத் தொழிலாளர்கள் கருவாடு வந்த மரப்பெட்டியையும் மெழுகுவர்த்திப் பெட்டியையும் கவிழ்த்துப்போட்டுத் தட்டினார்கள். யம்பூ, குவாகுவாங்கோ, கொலும்பியா என்னும் மூன்று ரும்பாக்களும் இந்த மக்களிடம் உருவானவை. பாடலின் மொழியும் செய்யுள் வடிவமும் ஸ்பெயின் தந்தவை. அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் மகள் பழகும் ரும்பா வேறு. 1930இல் டான் அஸ்பியாசுவின் குழு நியூயார்க்கில் ‘எல் மனிசெரோ’ பாடலை வாசித்துப் பெரும்புகழ் பெற்றது. வேர்க்கடலை விற்பவரின் கூவலை வைத்துக் கட்டிய சோன் அது. ரும்பா என்ற பெயரில் விற்றார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. துறைமுகத்து ரும்பாவை ஆடியவர்களுக்கு அந்தப் பெயர்கூட மிஞ்சவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சா-சா-சா விஷயத்தில் வகுப்பில் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. 1950களின் தொடக்கத்தில் வயலின் கலைஞர் என்ரிக்கே ஹோரின், தான்சோன் என்ற இசையிலிருந்து அதை உருவாக்கினார். தான்சோனின் முன்னோர் ஐரோப்பிய வரிசை நடனங்கள். ஆனால் அதற்குள்ளும் ஆப்பிரிக்கத் தாளம் முன்பே புகுந்திருந்தது. ஆடுபவர்களின் காலடி தரையில் உரசிய ஓசையே அதற்குப் பெயராயிற்று.

1952இல் தொடங்கிய லோஸ் முன்யெகிதோஸ் தே மத்தான்சாஸ் என்ற ரும்பாக் குழுவின் பதிவு ஒன்றை வீட்டில் போடுங்கள். முதல் நாள் மகள் ஆட வேண்டாம். கிளாவேயை மட்டும் தட்டட்டும்.