டிங்கிளில் ஒரு முழு நாள்: எங்கே நிற்பது, எப்படிப் பேச்சுக் கொடுப்பது?

கேள்வி: ஜூனில் அம்மாவையும் 12 வயது மகனையும் அழைத்துக்கொண்டு அயர்லாந்து போகிறேன். கெர்ரி கவுன்டியில் டிங்கிள் ஊரில் இரண்டு இரவு தங்கல்; நடுவில் ஒரு முழு நாள் இருக்கிறது. வாடகைக் கார் உண்டு. ஊரையும் பார்க்க வேண்டும், உள்ளூர்க்காரர்களிடம் நாலு வார்த்தை பேசவும் வேண்டும். ‘ரிங் ஆஃப் கெர்ரி’ போய் வரலாமா?

பதில்: அந்த நாளில் வேண்டாம். ரிங் ஆஃப் கெர்ரி என்கிற சுற்றுச்சாலை மட்டுமே 179 கி.மீ. பொழுது முழுக்கக் காருக்குள்ளேயே போய்விடும். டிங்கிளில் கிளம்பி டிங்கிளுக்கே திரும்பும் ஸ்லே ஹெட் சாலை ஏறக்குறைய 50 கி.மீ.தான். அதற்கே ஒரு நாளைக் கொடுங்கள்.

வென்ட்ரி கிராமம் வழியாக மேற்கே போய், கடிகார முள் திசையில் சுற்றுங்கள். சுற்றுலாப் பேருந்துகளும் அப்படித்தான் போகும். குறுகிய வளைவில் எதிரெதிரே மாட்டிக்கொள்ள வேண்டியிருக்காது. நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் கடல் இடது கைப்பக்கமே வரும். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். எதிரே வருகிற வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் அங்கே வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

வழியில் வரும் டூன் க்வீன் கிராமத்தில் பிளாஸ்கட் மையத்துக்கு அவசியம் போங்கள். எதிரே தெரியும் பெரிய பிளாஸ்கட் தீவில் இருந்த கடைசிக் குடும்பங்களை 1953-இல் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் சின்னத் தீவு ஐரிஷ் மொழிக்குப் பல எழுத்தாளர்களைத் தந்தது. மையத்தில் அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு தீவைப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். பக்கத்துப் படகுத்துறைக்கு இறங்கும் பாதை செங்குத்து. அம்மா மேலிருந்தே பார்க்கட்டும். திரும்பும் வழியில் கேலரஸ் கற்கோயில். கவிழ்த்த படகு போல, சாந்து இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டியது. மற்ற இடங்களில் மனம் போனால் நில்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இந்தப் பகுதி ஐரிஷ் பேசும் ஊர். பலகைகளில் ஊர்ப்பெயர்கள் அந்த மொழியில்தான் இருக்கும், முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குள் நுழையும்போது ‘டீய க்விட்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘கடவுள் உனக்கு’ என்று நேர்ப்பொருள்; நம் ‘வணக்கம்’ மாதிரி. ‘கடவுளும் மரியாளும் உனக்கு’ என்று பதில் வரும். தாய்மொழியில் யாராவது தப்பும் தவறுமாகப் பேசினால் நமக்கு எவ்வளவு சந்தோஷமோ, அவர்களுக்கும் அவ்வளவு. அதற்குப் பிறகு மழையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் போதும், பேச்சு தானாக ஓடும்.

மாலையில் பப். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். 2004 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை என்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை. மேஜையில் காத்திருக்காமல் கவுன்ட்டரில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். பேச ஆசையென்றால் கவுன்ட்டர் ஓரமே நில்லுங்கள்; மூலை மேஜையில் உட்கார்ந்தால் தனிமையை விரும்புகிறீர்கள் என்று விட்டுவிடுவார்கள். இசைக் கலைஞர்களுக்குப் பெரும்பாலும் மேடை கிடையாது, ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து வாசிப்பார்கள். அந்த நாற்காலிகளில் உட்காராதீர்கள். ஒருவர் தனியாகப் பாட ஆரம்பித்தால் கடையே அமைதியாகிவிடும். நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் பாட்டைப் பற்றிக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் கவனம்: 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள், பெரியவர்களோடு வந்தாலும், மே முதல் செப்டம்பர் வரை இரவு 10 மணி வரைதான் பப்பில் இருக்கலாம். இசை தொடங்கவே ஒன்பதரை ஆகலாம் என்பதால், சீக்கிரம் தொடங்கும் இடம் எது என்று தங்குமிடத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு வெளியே வந்தாலும் ஜூனில் வெளிச்சம் மிச்சமிருக்கும். மூவருமாகத் துறைமுகம் வரை நடந்துவிட்டுத் தூங்கப் போங்கள்.