அர்பா மிஞ்ச்சில் பேச்சுத்துணை: கடிதம்

அன்புள்ள அக்கா,

என் கணவருக்கு எத்தியோப்பியாவில், அர்பா மிஞ்ச் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. நானும் ஆறு வயது மகளும் பின்னால் போகப் போகிறோம். நீங்கள் அங்கே இருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். சின்ன ஊர், தெரியாத பாஷை. அவர் வேலைக்குப் போனபின் நாள் முழுக்க நான்கு சுவருக்குள் கிடப்பேனோ என்றுதான் பயம். அங்கே ஒரு பெண்ணுக்குப் பொழுது எப்படிப் போகும்?

– திருச்சியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அந்த ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருப்பதுதான் கஷ்டம். போன முதல் வாரமே பக்கத்து வீட்டில் காப்பிக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். பாஷை வராது என்று தயங்க வேண்டாம்.

காப்பி என்றால் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு வருவதில்லை. தரையில் பச்சைப் புல் பரப்பி, கரி அடுப்பில் பச்சைக் கொட்டையை உங்கள் கண்ணெதிரே வறுப்பார்கள். வறுத்த சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகேயும் கொண்டுவந்து வாசனை பிடிக்கச் சொல்வார்கள். அப்புறம் இடித்து, ஜபனா என்கிற மண்கூஜாவில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள். கொறிக்கச் சோளப்பொரி. அதே தூளில் மூன்று சுற்று: அபோல், தோனா, பரக்கா. முதல் சுற்றோடு எழுந்தால் மனசு வருத்தப்படுவார்கள். மூன்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைக்காரர் யார், மருத்துவர் யார், தண்ணீர் எப்போது வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அங்கே உட்கார்ந்துதான். அம்ஹாரிக் பேசக் கற்றதும் அங்கேதான்.

துக்க வீட்டுக்கும் போங்கள். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதில் ஒதுங்கிவிடுகிறார்கள். தெருவுக்குத் தெரு 'இத்திர்' என்று ஒரு சங்கம் இருக்கும். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் கட்டுவார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், பெஞ்சு, பெரிய பாத்திரம் எல்லாம் சங்கத்திலிருந்து வந்து இறங்கும். பல நாளைக்கு அந்த வீட்டில் ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது நானும் போய்ப் பெண்களோடு சேர்ந்து அமைதியாக உட்கார்ந்திருந்தேன். அதன்பின் சந்தையில் எனக்குப் பை தூக்கக்கூட ஆள் வந்தது. இந்தியர் குடியிருப்புக்குள்ளேயே வாரக்கடைசி விருந்தும் சீரியலுமாக இருந்தவர்களுக்கு அந்த ஊர் கடைசிவரை பழகவே இல்லை.

சாப்பாடு பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். டெஃப் என்கிற சிறுதானிய மாவை நாள்கணக்கில் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா நம் தோசையைவிட நன்றாகவே புளிக்கும். மகளுக்குப் பிடிக்கச் சில வாரம் ஆகலாம். அசைவம் வேண்டாம் என்றால் 'சோம்', அதாவது நோன்பு உணவு கேளுங்கள். புதன், வெள்ளியிலும் ஈஸ்டருக்கு முந்தைய 55 நாளிலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். அதனால் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை எல்லாம் உணவகங்களில் கிடைக்கும். முருங்கைக்கீரைக்கு நீங்கள் ஏங்கவே வேண்டாம். அங்கே வளர்வது ஆப்பிரிக்க முருங்கை, இலை பெரிது. அந்தப் பகுதிக் காமோ மக்கள் வீட்டு முற்றத்திலேயே வளர்த்து அன்றாடம் சமைக்கிறார்கள். புளியும் உளுந்தும் மட்டும் நான் இருந்தபோது கடைகளில் பார்த்ததில்லை, கொண்டுபோங்கள்.

ஊர் இரண்டு தட்டு. மேலே செச்சா, கீழே சிக்கேலா. இடையில் ஓடுவது நம் ஊர் ஆட்டோதான், அங்கே அதற்குப் பெயரே பஜாஜ். யாராவது நேரம் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. 'பன்னிரண்டு மணிக்குப் பேருந்து' என்றால் விடியற்காலை ஆறு. செப்டம்பர் 11-இல் புத்தாண்டு, அதுவும் நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

மின்சாரம் போகும், இணையமும் போகும். ஊரில் மலேரியா உண்டு, மகளுக்குக் கொசுவலை கட்டாயம். எத்தியோப்பியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் அந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பயணத் தேதி முடிவாவதற்கு முன்பே இருவருக்கும் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா