நனைஞ்ச ஷூவும் ஒரு கப் டீயும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழ்ல லாம்பெடூசா தீவுல ஒரு அகதிப் படகு கரை சேர்ற படத்தையும், பக்கத்துல டீ கப்போட நின்ன சர்ச் வாலண்டியர்களையும் போட்டிருந்தோம் இல்லையா, அதுக்கு வந்த கேள்விகளே இந்தப் பக்கத்தை நிறைச்சிடுச்சு. அதனால இந்தத் தடவை சினிமா, கிரிக்கெட், கூட்டணி கேள்வி எதுவும் கிடையாது. கோவிச்சுக்காதீங்க.

அந்த லாம்பெடூசா எங்க சார் இருக்கு? ஏன் எல்லா படகும் அங்கயே போய் நிக்குது?
– வாசகி, கும்பகோணம்

இத்தாலிக்குச் சொந்தமான தீவும்மா, ஆனா மேப்பை எடுத்துப் பார்த்தா அவங்க சிசிலியை விட ஆப்பிரிக்காவுல இருக்கிற துனிசியாதான் அதுக்குக் கிட்டக்க. மொத்தமே 20 சதுர கிலோமீட்டர், சுமார் ஆறாயிரம் பேர், மீன்பிடிப்பும் டூரிஸ்ட்டும்தான் பொழப்பு. லிபியாவுல, துனிசியாவுல இருந்து கிளம்புற படகுக்கு ஐரோப்பாவோட வாசப்படி அதுதான்.

2013 அக்டோபர் 3 அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி ஒரு படகு கரை கண்ணுக்குத் தெரியுற தூரத்துல வந்து நின்னுடுச்சு, யாராவது பார்க்கட்டுமேன்னு ஒரு போர்வையைக் கொளுத்திக் காட்டியிருக்காங்க, தீ பரவ, எல்லாரும் பயந்து ஒரே பக்கம் ஓட, படகு கவிழ்ந்துடுச்சு. 368 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் ஆப்பிரிக்காவுல இருக்கிற எரித்ரியா நாட்டு ஆளுங்க. பிழைச்சது 155 பேர். அதுக்கு மூணு மாசம் முன்னாடிதான் போப் பிரான்சிஸ், பதவிக்கு வந்தப்புறம் ரோமை விட்டு வெளிய போன முதல் பயணமா அங்க போய், கடல்ல ஒரு மலர்வளையத்தைப் போட்டுட்டு, உடைஞ்ச படகுக் கட்டையில செஞ்ச பலிபீடத்துல பூசை வெச்சுட்டு வந்தார். அந்தத் தீவு தச்சர் ஒருத்தர், அப்படி உடைஞ்ச படகுப் பலகைகள்லயே சின்னச் சின்ன சிலுவை செஞ்சு உயிர் தப்பி வந்தவங்களுக்குக் கொடுத்தார். அவர் செஞ்ச ஒண்ணு இப்ப லண்டன்ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, பெயின்ட் உரிஞ்சபடியே.

கோயில், சர்ச்சுன்னு கிளம்பி வர்ற இந்த வாலண்டியர்கள் அங்க என்னதான் செய்றாங்க? ஜெபம் பண்ணுவாங்களா?
– வாசகர், மதுரை

ஜெபத்துக்கு நேரம் எங்கண்ணே இருக்கு!

லாம்பெடூசாவுல ஃபவாலோரோன்னு ஒரு படகுத்துறை, முழுக்க அரசாங்க பந்தோபஸ்து. கோஸ்ட் கார்டு, அதாவது கடலோரக் காவல் படை, வந்தவங்களை இறக்கி விடும், டாக்டர் பார்ப்பார், பேர் எழுதுவாங்க, பஸ்ல ஏத்தி கேம்ப்புக்கு அனுப்பிடுவாங்க. இறங்குறதுக்கும் பஸ் ஏறுறதுக்கும் நடுவுல இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வாலண்டியர்களுக்கு. இத்தாலியோட புராட்டஸ்டன்ட் சபைகள் சேர்ந்து நடத்துற மெடிட்டரேனியன் ஹோப் ஆளுங்க 2014-லேருந்து அந்தத் தீவுலயே வீடெடுத்து தங்கியிருக்காங்க, உள்ளூர்க்காரங்களும் கூட வருவாங்க. தண்ணி, சர்க்கரை தூக்கலா போட்ட டீ, பளபளன்னு ஃபாயில் பேப்பர் மாதிரி ஒரு போர்வை, அப்புறம் "நீங்க இத்தாலி வந்து சேர்ந்துட்டீங்க, இது லாம்பெடூசா"ன்னு ஒரு வார்த்தை. சிரிக்காதீங்க, ரெண்டு மூணு நாள் தண்ணியைத் தவிர வேற எதையும் பார்க்காதவனுக்கு தான் எந்த நாட்டுல நிக்கிறோம்னே தெரியாது.

இந்தப் போர்வை விஷயத்துலயே ஒரு சூட்சுமம் இருக்கு. ஈரத் துணிக்கு மேல அதைச் சுத்தினா பிரயோஜனம் கம்மி, முதல்ல ஈரத்தைக் கழட்டணும், துடைக்கணும், அப்புறம்தான் சுத்தணும். இன்னொண்ணு, ரப்பர் படகுல பொம்பளைங்களையும் குழந்தைங்களையும் பத்திரமா இருக்கட்டும்னு நடுவுல உட்கார வைப்பாங்க, அங்கதான் சிந்துன பெட்ரோலும் உப்புத்தண்ணியும் சேர்ந்து தேங்கும், அதுலயே மணிக்கணக்கா உட்கார்ந்து வந்தா இடுப்புக்குக் கீழ தோல் வெந்து போயிடும். நெருப்பே படாத தீக்காயம். அனுபவப்பட்ட வாலண்டியருக்கு, பெட்ரோல் வாடை அடிச்ச உடனே டீயை ஓரமா வெச்சுட்டு அந்தப் பொண்ணை மறைவா கூட்டிட்டுப் போய் துணி மாத்த வைக்கிறதுதான் முதல் வேலை. கட்டிப்பிடிச்சு செல்ஃபி எடுக்கிறது புதுசா வந்தவங்க வேலை.

அனுமதி இல்லாம வர்றவங்களுக்கு உதவி செஞ்சா போலீஸ் கேஸ் போடாதா?
– சட்டக்கல்லூரி மாணவர், திருநெல்வேலி

நல்ல கேள்வி, இதுக்கு கிரீஸ் நாட்டு லெஸ்போஸ் தீவுக்குப் போகணும். 2015-ல மட்டும் கடல் வழியா கிரீஸுக்கு வந்தவங்க எட்டரை லட்சம் பேருக்கு மேல, அதுல சுமார் அஞ்சு லட்சம் பேர் இந்த ஒரு தீவுல இறங்கினாங்க, தீவோட ஜனத்தொகையே தொண்ணூறாயிரத்தைத் தொடாது. எதிர்ல துருக்கிக் கரை, குறுகலான இடத்துல ஒரு பத்து கிலோமீட்டர்தான். அந்தப் பத்து கிலோமீட்டருக்கு வித்த லைஃப் ஜாக்கெட்லயும் டூப்ளிகேட், பார்சல் கட்டுற பஞ்சை அடைச்சு தைச்சது, மிதக்குறதுக்கு பதிலா தண்ணியைக் குடிக்கும். 2016 ஜனவரியில துருக்கி போலீஸ் இஸ்மீர்ல ஒரு பட்டறையில இப்படி ஆயிரத்துக்கு மேல பிடிச்சாங்க.

படகு இறங்குறது தீவோட வடக்குப் பக்கம் மொலிவோஸ் கிட்ட, பேர் பதியுற இடம் மிட்டிலினி டவுன், நடுவுல 60 கிலோமீட்டருக்கு மேல மலைப்பாதை. பேர் பதியாதவங்களை கார்ல ஏத்தினா ஆள் கடத்தல் கேஸ்னு அங்க அப்போ சட்டம், அதனால பஸ்காரனும் ஏத்த மாட்டான், டாக்ஸிக்காரனும் ஏத்த மாட்டான், கையில காசு இருந்தாலும் நடந்துதான் ஆகணும், கைக்குழந்தையோட, கடல்தண்ணி ஊறின ஷூவோட, வெயில்ல. கடல்ல சாகாம வந்தவங்க கால் புண்ணாகி ரோட்டோரம் படுத்துக் கிடந்தாங்க.

பாதி வழியில கல்லோனின்னு ஒரு ஊர். அங்க பாப்பா ஸ்ட்ராட்டிஸ்னு ஒரு ஆர்த்தடாக்ஸ் பாதிரியார், ஊர்க்காரங்க சில பேரைச் சேர்த்துக்கிட்டு அங்காலியான்னு ஒண்ணு ஆரம்பிச்சார், கிரேக்க மொழியில "அணைப்பு"ன்னு அர்த்தம். ஆபீஸ்ல ஷூ ரேக், பாய், பால் பவுடர், பிஸ்கட். வர்றவங்க ராத்திரி அங்க படுத்துட்டு காலையில திரும்ப நடப்பாங்க. அவருக்கே நுரையீரல் கோளாறு, ஆக்சிஜன் டியூபோடதான் நடமாட்டம். டியூபை மூக்குல மாட்டிக்கிட்டே குனிஞ்சு யார் காலுக்கு எந்த ஷூ சேரும்னு பார்க்கிற ஆளை என்ன கேஸ்ல போடுறது சொல்லுங்க? 2015 கோடையில வண்டியில ஏத்துற கெடுபிடி கொஞ்சம் தளர்ந்துச்சு. அந்த செப்டம்பர்லயே அவர் இறந்துட்டார். 2016 ஜனவரியில ஐரோப்பிய கவுன்சில், மனிதநேயப் பணிக்கான ரவுல் வாலன்பெர்க் விருதை அங்காலியாவுக்குக் கொடுத்தப்போ அவர் இல்ல.

அந்தத் தீவுல நிறைய குடும்பம் 1922-ல துருக்கிப் பக்கத்துலேருந்து இதே கடலைத் தாண்டி அகதியா ஓடி வந்தவங்களோட வாரிசுங்க. பாட்டி சொன்ன கதையை கண்ணால பார்க்கிற மாதிரி ஆயிடுச்சு அவங்களுக்கு.

எதுக்கு சுத்தி வளைக்கிறீங்க, எல்லாம் மதம் மாத்தத்தானே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோவை

பேர் போடலண்ணே, பயப்படாதீங்க. சந்தேகம் நியாயமானதுதான், அப்படி நடக்கவே இல்லன்னு நான் பூசி மெழுக மாட்டேன். 2016-ல லெஸ்போஸ் மோரியா கேம்ப்புல, வந்தவங்க கையில அரபி மொழி பைபிள் பகுதியோட, மனசு மாறினா கையெழுத்து போடச் சொல்ற ஒரு ஃபாரமும் கொடுத்ததா செய்தி வந்து பெரிய சர்ச்சையாச்சு. கம்பி வேலிக்குள்ள அடைபட்டு, அடுத்த வேளை சோறு யார் கையில இருக்கோ அவங்களே நீட்டுற காகிதத்தை வேண்டாம்னு எப்படிச் சொல்ல முடியும்? அது தப்புதான், எந்த சாமி பேரைச் சொல்லி செஞ்சாலும்.

ஆனா அதே 2016 ஏப்ரல்ல போப் அதே தீவுக்குப் போயிட்டுத் திரும்பும்போது தன்னோட விமானத்துலயே மூணு சிரியா குடும்பத்தை, 12 பேரை, ரோமுக்குக் கூட்டிட்டுப் போனார். 12 பேரும் முஸ்லிம். ஏன் சார் கிறிஸ்தவக் குடும்பம் ஒண்ணு கூட இல்லையான்னு பத்திரிகைக்காரங்க கேட்டதுக்கு, கிறிஸ்தவக் குடும்பங்களோட பேப்பர் சரியா இல்லன்னு பதில் வந்துச்சு. அந்த 12 பேரை ரோம்ல பார்த்துக்கிட்டது சான்ட் எஜிதியோங்கிற கத்தோலிக்க அமைப்பு, 1968-ல ஸ்கூல் பசங்க சேர்ந்து ஆரம்பிச்சது.

சர்ச் கதை சரி, முஸ்லிம்கள் எங்க போனாங்க?
– வாசகர், காயல்பட்டினம்

இந்தோனேசியா அச்சே மாகாணத்துல இருந்தாங்க, கடலுக்குள்ளயே இருந்தாங்க. 2015 மே மாசம், மியான்மர்லேருந்து தப்பி வந்த ரோஹிங்கியா முஸ்லிம்களோட படகுகளை தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியா மூணு நாட்டு கடற்படையும் சோறு தண்ணி கொடுத்து "அந்தப் பக்கம் போ"ன்னு பந்து மாதிரி தள்ளி விட்டுக்கிட்டிருந்தப்போ, அச்சே மீனவங்கதான் போய் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. அங்க பங்லிமா லாவோட்னு மீனவர்களுக்கு ஒரு பரம்பரை பஞ்சாயத்து இருக்கு, கடல்ல எவன் தத்தளிச்சாலும் காப்பாத்தணும்கிறது அதோட கட்டுப்பாடு, யாரு எவருன்னு விசாரிக்கிறதெல்லாம் கரைக்கு வந்தப்புறம். ஊர்ப் பொம்பளைங்க பானையில சோறாக்கி, வீட்டுத் துணியை மூட்டை கட்டிக் கொண்டு வந்தாங்க. 2004 சுனாமியில உலகமே எங்களுக்கு வந்துச்சேன்னு அங்க பல பேர் சொன்னது. நாகப்பட்டினம் பக்கத்து ஆளுங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

ஆனா இதுக்கு மறுபக்கமும் உண்டு. 2023 கடைசியில படகுகள் மறுபடி நிறைய வந்தப்போ அதே அச்சேல எதிர்ப்பு கிளம்பி, டிசம்பர்ல காலேஜ் பசங்க கூட்டமா ரோஹிங்கியா தங்கியிருந்த ஹாலுக்குள்ள புகுந்து வெளியேத்தினாங்க. ஒரே ஊர்தான், எட்டு வருஷம்தான்.

கடல்ல மாட்டுனவங்க ஒரு பாதிரியாருக்கு போன் போடுவாங்கன்னு எங்கயோ படிச்சேன், நிஜமா?
– வாசகி, தூத்துக்குடி

நிஜம்தான். முசியே சராய், எரித்ரியாவுல பிறந்து சின்ன வயசுலயே இத்தாலிக்கு வந்த கத்தோலிக்க பாதிரியார். லிபியா ஜெயில் சுவர்கள்ல அவர் நம்பரைக் கிறுக்கி வெச்சிருப்பாங்க. படகு நின்னுட்டா சேட்டிலைட் போன்ல அவருக்கு அடிப்பாங்க, அவர் இடத்தை வாங்கி கோஸ்ட் கார்டுக்குச் சொல்லுவார்.

ஆனா அவர் சொன்னா மட்டும் போதாதே. 2011 மார்ச் கடைசியில திரிபோலியில இருந்து 72 பேரோட ஒரு ரப்பர் படகு கிளம்புச்சு, லிபியாவுல நேட்டோ சண்டை நடந்த நேரம், கடல் முழுக்க போர்க்கப்பல். எரிபொருள் தீர்ற நிலையில அவருக்கு போன் வந்துச்சு, அவர் ரோம்ல இருக்கிற கோஸ்ட் கார்டுக்குச் சொல்லிட்டார், இடமும் தெரிஞ்சிடுச்சு. ஒரு ஹெலிகாப்டர் வந்து தண்ணியும் பிஸ்கட்டும் போட்டுட்டுப் போச்சு. அவ்வளவுதான், திரும்பி யாரும் வரல. ரெண்டு வாரம் மிதந்து காத்து இழுத்த பக்கமா லிபியாவுக்கே போய் ஒதுங்குச்சு, 72 பேர்ல மிஞ்சினது 9 பேர். அடுத்த வருஷம் ஐரோப்பிய கவுன்சில் இதை விசாரிச்சு அறிக்கையே போட்டுச்சு. போனை எடுத்தவர் ஒழுங்கா எடுத்தார், அதுக்கு மேல அவர்கிட்ட கப்பல் இல்லையே.

கப்பல் இல்லங்கிற குறைக்கு ஜெர்மனி புராட்டஸ்டன்ட் சபை ஒரு வழி பண்ணுச்சு, யுனைட்டட் ஃபார் ரெஸ்க்யூன்னு கூட்டணி போட்டு காணிக்கை வசூல் பண்ணி ஒரு கப்பலையே வாங்க உதவினாங்க. 2020 ஆகஸ்ட்ல சீ-வாட்ச் 4-ங்கிற பேர்ல அது மீட்புக்குப் போச்சு.

படகே ஏறாம வர ஒரு வழி கிடையாதா?
– வாசகர், சேலம்

இருக்கு, என்னைக் கேட்டா இந்தப் பக்கத்துலயே உருப்படியான விஷயம் இதுதான். 2015 டிசம்பர்ல முன்னாடி சொன்ன சான்ட் எஜிதியோவும் இத்தாலி புராட்டஸ்டன்ட் சபைகளும் சேர்ந்து இத்தாலி அரசாங்கத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. லெபனான் போய் அங்க இருக்கிற சிரியா அகதிகள்ல நோயாளி, கைக்குழந்தைக்காரி, தனியா நிக்கிற பொண்ணுங்கன்னு பார்த்து லிஸ்ட் எடுப்பாங்க, அரசாங்கம் செக் பண்ணி விசா குத்தும், எல்லாரையும் போல டிக்கெட்டோட ஃபிளைட்ல வந்து இறங்கலாம். 2016 பிப்ரவரி 29-ல முதல் பெரிய கூட்டமா 93 பேர் ரோம்ல இறங்கினாங்க. அப்புறம் பிரான்ஸ், பெல்ஜியம்னு பரவுச்சு.

காசு யாருதுன்னு அடுத்து கேப்பீங்க. அரசாங்கம் இதுக்குன்னு தனியா ஒதுக்கின காசு இல்ல. இத்தாலியில வருமான வரி கட்டுறவன் அதுல ஆயிரத்துக்கு எட்டு பங்கை தனக்குப் பிடிச்ச சபைக்குப் போகட்டும்னு டிக் அடிக்கலாம். வால்டென்சியன்னு ஒரு குட்டி சபை, மெம்பருங்க சில பத்தாயிரம் பேர்தான், ஆனா டிக் அடிக்கிறவங்க அதை விட எத்தனையோ மடங்கு, ஏன்னா அந்தக் காசுல ஒரு பைசா கூட பாதிரியார் சம்பளத்துக்கோ பூசைக்கோ எடுக்க மாட்டோம்னு வெச்சிருக்காங்க. இதைப் படிச்சப்போ எனக்கு ஏனோ நம்ம ஊர் உண்டியல் ஞாபகம் வந்துச்சு, மேல எழுதல.

நம்ம தமிழாளுங்க இப்படி போய் இறங்கினது உண்டா?
– வாசகி, ராமநாதபுரம்

உங்க ஊர்லேருந்தே இந்தக் கேள்வியா! 1983-லேருந்து மண்டபம் முகாம் பார்க்காததா. தூரதேசக் கதைன்னா, 1986 ஆகஸ்ட்ல கனடா நியூஃபவுண்ட்லாந்து கிட்ட பனிமூட்டத்துல ரெண்டு லைஃப்போட்ல 155 ஈழத்தமிழர் மிதந்துட்டு இருந்தாங்க, மீன்பிடிக்கப் போன உள்ளூர்க்காரங்கதான் பார்த்து ஏத்திக்கிட்டாங்க.

மத அமைப்புன்னு கேட்டா ஜே.ஆர்.எஸ், அதாவது இயேசு சபை அகதிகள் பணி. வியட்நாம்காரங்க படகு படகா கடல்ல சாகுறதைப் பார்த்துட்டு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே 1980-ல ஆரம்பிச்சது. அதே அமைப்புதான் பின்னாடி தமிழ்நாட்டு முகாம்கள்ல ஈழத்துப் பிள்ளைங்களுக்கு சாயங்கால டியூஷன் சென்டர் நடத்துச்சு, உங்க பக்கத்துல அதுல படிச்சவங்க யாராவது இருப்பாங்க, விசாரிச்சுப் பாருங்க.

நானும் லீவு போட்டுட்டு போய் சேவை செய்யலாம்னு ஆசை. என்ன எடுத்துட்டுப் போகணும்?
– ஐ.டி ஊழியர், சென்னை

லீவு எத்தனை நாளுன்னு முதல்ல சொல்லுங்க தம்பி. ஒரு வாரம்னா ஃபிளைட் டிக்கெட் காசை அங்கயே வருஷக்கணக்கா இருக்கிறவங்களுக்கு அனுப்பிடுங்க. அரபியோ பிரெஞ்சோ தெரியும்னா, இல்ல நர்ஸிங் தெரியும்னா மூணு மாசம் போங்க. பார்சல் அனுப்புறதா இருந்தா லிஸ்ட் கேட்டுட்டு அனுப்புங்க, லெஸ்போஸ்ல குளிர்காலத்துல மூட்டையைப் பிரிச்சா டீ-ஷர்ட்டும் ஹை ஹீல்ஸ் செருப்புமா கொட்டும், ஆம்பளைங்க போடுற சாதாரண ஷூ ஒரு ஜோடி இருக்காது.