பிரேக்கர்: எதைப் பழுது பார்க்கலாம், எதை மாற்றியே ஆகவேண்டும்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். மெயின் பேனலில் இருக்கும் 400 ஆம்பியர் எம்சிசிபி (மோல்டு செய்த பெட்டிக்குள் மூடிய பிரேக்கர்), ஏப்ரல் தொடங்கியதிலிருந்து மதியம் இரண்டு மூன்று மணி வாக்கில் ட்ரிப் ஆகிறது, அதாவது தானாக விழுந்துவிடுகிறது. காலையிலும் ராத்திரியிலும் தொந்தரவு இல்லை. எங்கள் எலக்ட்ரீஷியன், "கழற்றிக் கொடுங்கள், உள்ளே காண்டாக்டைத் தேய்த்துச் சரிசெய்து தருகிறேன்" என்கிறார். புதியதன் விலையில் கால்வாசிதான் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். உங்கள் பிரேக்கர் கெட்டுப்போயிருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

மதியம் மட்டும் ட்ரிப் ஆகிறது, அதுவும் வெயில் காலத்தில் என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. சாதாரண எம்சிசிபிக்குள் ஓவர்லோடைக் கண்டுபிடிப்பது ஒரு இரட்டை உலோகப் பட்டை. கரண்ட் கூடினால் அது சூடாகி வளைந்து பிரேக்கரைத் தட்டிவிடும். அந்தச் சூடு கரண்டிலிருந்து வந்ததா, பேனலுக்குள் அடைந்து கிடக்கும் காற்றிலிருந்து வந்ததா என்று பட்டைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எந்த வெப்பநிலையை வைத்து அதை அளவு செய்தார்கள் என்பது லேபிளில் இருக்கும், 40 டிகிரி என்றோ 50 டிகிரி என்றோ. தகரக் கூரைக்குக் கீழே, பஞ்சுத் தூசி அடைத்த பேனலுக்குள் மே மாத மதியத்தில் அதைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. அப்போது 400 ஆம்பியர் பிரேக்கர் 400 வரை தாங்காது, முன்னாடியே விழுந்துவிடும்.

அடுத்த முறை விழும்போது ஒன்றைக் கவனியுங்கள். கைப்பிடி நடுவில் வந்து நிற்கும். அதைக் கீழே இழுத்து ரீசெட் செய்யும்போது உடனே பிடிக்காமல், சில நிமிடம் ஆறியபிறகுதான் பிடிக்கிறதென்றால், ட்ரிப் ஆனதற்குக் காரணம் சூடு. உடனே பிடித்தால் ஷார்ட் சர்க்யூட்டாக இருக்கலாம், எர்த் லீக்கேஜ் (தரைக்குக் கரண்ட் கசிவு) அல்லது அண்டர் வோல்டேஜ் (வோல்டேஜ் குறைவு) காயில் இருந்தால் அதுவாகவும் இருக்கலாம். அந்த நிலையில் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போட்டுப் பார்க்காமல் திரும்ப ஆன் செய்யவே கூடாது.

சூடுதான் என்று தெரிந்தால் மூன்று வேலை இருக்கிறது. மதிய நேரத்தில் டாங் டெஸ்டரால் (கம்பியைச் சுற்றிப் பிடித்துக் கரண்ட் அளக்கும் கருவி) மூன்று ஃபேஸிலும் கரண்ட் எடுங்கள். ஒரு ஃபேஸில் மட்டும் லோடு குவிந்திருந்தால் அதைப் பிரித்துப் போட்டாலே போதும். அப்புறம் தெர்மல் கேமரா வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, லோடு ஓடும்போதே டெர்மினல்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே கரண்ட் எடுக்கையில் ஒன்று மட்டும் கூடுதல் சூட்டில் இருந்தால், அங்கே லக் (கேபிள் முனையில் மாட்டும் உலோகக் காது) லூஸ் அல்லது அலுமினியம் கேபிளின் முனை ஆக்சைடு பிடித்திருக்கிறது. அந்தச் சூடு கம்பி வழியாகவே பிரேக்கருக்குள் போய் பட்டையை வளைக்கும். நான் பார்த்த "பிரேக்கர் கம்ப்ளெயின்ட்"களில் ரொம்பப் பேருக்கு வியாதி இந்த இடத்தில்தான் இருந்தது. கடைசியாக, ஷட் டவுன் எடுத்து பேனல் தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுங்கள். ஏர் கம்ப்ரசரால் ஊதினால் தூசி பிரேக்கருக்குள்ளேயே போய் உட்காரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் விழுகிறதென்றால் பிரேக்கரை மாற்றுங்கள். பிரித்துப் பழுது பார்க்க மட்டும் விடாதீர்கள். பிரேக்கருக்கு இரண்டு வேலை. தினமும் கரண்டைக் கடத்துவது ஒன்று. என்றோ ஒருநாள் ஷார்ட் ஆகும்போது ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கண் இமைக்கும் நேரத்தில் வெட்டுவது இன்னொன்று. பழுது பார்த்தவர் முதல் வேலையைத்தான் உங்களுக்கு ஆன் செய்து காட்ட முடியும். நீங்கள் காசு கொடுத்தது இரண்டாவது வேலைக்கு. எம்சிசிபி மோல்டு செய்து மூடிய பொருள். காண்டாக்டின் அழுத்தம், ஸ்பிரிங், பட்டையின் அளவு எல்லாம் தொழிற்சாலையில் ஒருமுறை செட் செய்தது. அந்த மூடியைத் திறந்தால் அளவு போயிற்று, வாரண்டியும் போயிற்று. காண்டாக்டின் முகத்தில் இருப்பது வெள்ளிக் கலவை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போவது கரி மட்டுமில்லை, அந்த வெள்ளியும்தான்.

கேள்வி: கோவையில் ஃபவுண்டரி. 22 கேவி சப்ளை, 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர். எல்டி (குறைந்த வோல்டேஜ்) பக்கத்துக்கு 800 ஆம்பியர் எம்சிசிபி வேண்டும். பழைய சாமான் கடையில் நல்ல கம்பெனி பிரேக்கர் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது, பார்க்கப் புதிது போலவே இருக்கிறது. வாங்கலாமா?

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 500 கேவிஏ, 433 வோல்ட் என்றால் டிரான்ஸ்ஃபார்மரின் முழு லோடு கரண்ட் சுமார் 667 ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் பிளேட்டில் இம்பீடன்ஸ் என்று ஒரு சதவீதம் இருக்கும். அது 4.5 என்று வைத்துக்கொண்டால், எல்டி டெர்மினலிலேயே ஷார்ட் ஆகும்போது 667-ஐ 0.045-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய 14,800 ஆம்பியர் பாயலாம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்களும் அந்த நேரத்தில் கொஞ்சம் சேர்த்துத் தள்ளும். ஆகவே 25 கிலோ ஆம்பியருக்குக் குறையாமல் வாங்குங்கள். இதே கணக்கில் 1000 கேவிஏ, 5 சதவீதம் என்றால் 26,700 ஆம்பியர் வரும், அதற்கு 25 போதாது. பிரேக்கர் வாங்கப் போகும் பலர் "எத்தனை ஆம்பியர்" என்று மட்டும் கேட்டு வாங்கி வருகிறார்கள். எத்தனை கிலோ ஆம்பியரை வெட்டும் என்பதையும் கேட்க வேண்டும்.

இனி பழைய பிரேக்கர் விஷயம். எத்தனை கிலோ ஆம்பியர் ஷார்ட்டை வெட்டும் என்பதற்கு லேபிளில் ஐசியு (உச்ச அளவு), ஐசிஎஸ் (சர்வீஸ் அளவு) என்று இரண்டு அளவு இருக்கும். எம்சிசிபி, ஏசிபி (ஏர் சர்க்யூட் பிரேக்கர் என்ற பெரிய பிரேக்கர்) இரண்டுக்கும் பொருந்தும் ஐஎஸ்/ஐஇசி 60947-2 தரம் சொல்வது இது: ஐசியு அளவு ஷார்ட்டை வெட்டிய பிறகு அந்தப் பிரேக்கர் தன் முழுக் கரண்டைத் தொடர்ந்து தாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐசிஎஸ் அளவை வெட்டிய பிறகு தாங்கியாக வேண்டும். புதிது வாங்கும்போது இரண்டும் ஒன்றாக இருப்பதாகப் பார்த்து எடுங்கள், நூறு சதவீதம் ஐசிஎஸ் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

நீங்கள் பார்த்த பிரேக்கர் முந்தைய இடத்தில் எத்தனை ஷார்ட்டை வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. மூடியிருக்கும் எம்சிசிபியை வெளியில் பார்த்து அதைச் சொல்ல வழியுமில்லை. உடம்பு மங்கி லேபிள் மட்டும் பளபளவென்று இருப்பது, மூடியின் ஸ்குரூவில் திருப்புளி பட்ட தடம், டெர்மினலில் பழைய லக் அழுத்திய வட்டம், சீரியல் நம்பர் சுரண்டியிருப்பது என ஏதாவது ஒன்று கண்ணில் பட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். எதுவுமே படாவிட்டாலும், மெயின் பிரேக்கராக இதைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். மாட்டிய பிறகு அதற்கு எதிரே நின்று ஆன் செய்யப் போவது உங்கள் ஆள்.

ஏசிபி என்றால் என் பதில் வேறு. அது பிரித்துப் பார்க்கவும் பாகம் மாற்றவும் என்றே செய்யப்பட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரிந்து, டெஸ்ட் ரிப்போர்ட்டும் இருந்தால் பழைய ஏசிபியை வாங்கலாம்.

கேள்வி: ராஜபாளையம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். 1600 ஆம்பியர் ஏசிபி சர்வீசுக்கு இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு. இரண்டிலும் "கம்ப்ளீட் சர்வீஸ்" என்றுதான் போட்டிருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

அந்த இரண்டு சொல்லை அடித்துவிட்டு, என்னென்ன செய்வீர்கள் என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். விலை வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிடும்.

என்ன எழுதியிருக்க வேண்டும்? ஆர்க் சூட் எனும் தீப்பொறியை அணைக்கும் பெட்டியைக் கழற்றி உள்ளே தகடுகள் உருகியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது. மெயின் காண்டாக்டையும் ஆர்க்கிங் காண்டாக்டையும் தனித்தனியே பார்ப்பது. ஆர்க்கிங் காண்டாக்ட் முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும், தீப்பொறியை அது வாங்கிக்கொள்வதால்தான் மெயின் காண்டாக்ட் பிழைக்கிறது. அந்த வரிசை தப்பியிருந்தால் எவ்வளவு துடைத்தும் பயனில்லை. அப்புறம் பழைய கிரீஸ். வருஷக்கணக்கில் அசையாத பிரேக்கரில் கிரீஸ் மெழுகுபோல இறுகிவிடும். கரண்ட் ஒழுங்காகக் கடத்தும், ட்ரிப் சிக்னல் வரும்போது மட்டும் மெதுவாகத் திறக்கும். அதை முழுக்க எடுத்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன கிரீஸை சொன்ன இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து வேலையை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது அன்றைக்கு வழுவழுப்பாக்கும், மிச்சமிருந்த நல்ல கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். பிரேக்கரை வெளியே இழுத்தபின் கிரேடிலில் (பிரேக்கர் உட்காரும் கூடு) இருக்கும் ஜா காண்டாக்ட் விரல்களின் ஸ்பிரிங் இறுக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பலர் வெளியே எடுத்த பிரேக்கரைச் சர்வீஸ் செய்துவிட்டு, அது போய் உட்காரும் இடத்தை மறந்துவிடுவார்கள்.

டெஸ்ட் விஷயத்தில்தான் விலை பிரியும். காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸை மைக்ரோ ஓம் மீட்டரில் எடுக்க வேண்டும், மல்டிமீட்டரில் அது தெரியாது. மூன்று போல்களின் (ஒவ்வொரு ஃபேஸுக்குமான வழி) அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். இன்சுலேஷனுக்கு மெகர் போடுமுன் எலக்ட்ரானிக் ரிலீஸை (ட்ரிப் ஆகச் சொல்லும் பாகம்) பிரித்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிலீஸ் போய்விடும். இன்ஜெக்‌ஷன் டெஸ்ட் இரண்டு வகை. செகண்டரி இன்ஜெக்‌ஷன் என்பது ரிலீஸுக்குச் சின்ன சிக்னல் கொடுத்துப் பார்ப்பது. பிரைமரி இன்ஜெக்‌ஷன் என்பது மெயின் வழியிலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஆம்பியர் விட்டு, சிடி (கரண்டை அளக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்), வயரிங், ரிலீஸ், மெக்கானிசம் எல்லாம் சேர்ந்து பிரேக்கரைத் திறக்கிறதா என்று பார்ப்பது. மூன்று மடங்கு கேட்டவர் பிரைமரி செய்கிறார் என்றால் அந்த விலைக்கு அர்த்தம் இருக்கிறது. அவரும் செய்யவில்லை என்றால் விலை குறைவானவரிடம் செகண்டரி மட்டும் செய்துகொண்டு, பிரைமரியை அடுத்த பெரிய ஷட் டவுனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் "ஓகே" என்று மட்டும் இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். எந்த செட்டிங்கில், எத்தனை ஆம்பியர் விட்டு, எத்தனை விநாடியில் ட்ரிப் ஆனது என்று எண்ணாக இருக்க வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும் ரிலீஸ் செட்டிங்கைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டுக்காகத் திருப்பியதைத் திரும்ப வைக்காமல் போவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்று, இது விலை சம்பந்தமில்லாதது. சப்ளையை நிறுத்தினாலும் ஸ்பிரிங் சார்ஜ் ஆகித்தான் இருக்கும். பிரேக்கரை ரேக் அவுட் செய்து (கிரேடிலிலிருந்து வெளியே இழுத்து) ஆன், ஆஃப் அழுத்தி ஸ்பிரிங்கைத் தளர்த்தாமல் கையை உள்ளே விட்டால் விரல் போய்விடும். வருகிறவர் தானாக இதைச் செய்கிறாரா என்று பாருங்கள். செய்யாதவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மின் ஒப்பந்த உரிமத்தின் நகலையும் வாங்கி வையுங்கள்.

மில்லில் பஞ்சு பறப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. சுத்தமான இடமென்றால் வருஷத்துக்கு ஒன்று போதும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது பழைய எல் அண்ட் டி ஏசிபி. கம்பெனியே இல்லை, ஸ்பேர் கிடைக்காது, மாற்றிவிடுங்கள் என்கிறார் விற்பனைக்காரர். உண்மையா?

பாதி உண்மை. எல் அண்ட் டி தன் எலக்ட்ரிக்கல், ஆட்டோமேஷன் பிரிவை 2020 ஆகஸ்டில் ஷ்னைடருக்குக் கொடுத்துவிட்டது. 2024-இல் அதன் பெயர் லாரிட்ஸ் நட்சன் என்று மாறியது. பெயர் போனதே தவிர பிரிவு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் பிரேக்கரின் மாடலையும் சீரியல் நம்பரையும் அவர்களுடைய சர்வீஸ் பிரிவுக்கு நேராக அனுப்பி, காண்டாக்ட், ஆர்க் சூட், ரிலீஸ் மூன்றும் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ரிலீஸ் மட்டும் இல்லையென்றால், பேனலை உடைக்காமல் பழைய கிரேடிலிலேயே புதுப் பிரேக்கர் உட்காரும் ரெட்ரோஃபிட் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன், நானும் ஒரு உதவியாளும்தான். புதிதாக வாங்கிய எம்சிசிபி எட்டு மாதத்தில் டெர்மினல் கருகிவிட்டது. கடைக்காரர், தொழிலுக்கு வாங்கியதற்கு நுகர்வோர் கோர்ட் கிடையாது என்கிறார்.

உங்கள் விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லைதான். ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொள்வதால் அந்த உரிமை போகாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்துக்குத் தயாராக இருங்கள். டெர்மினல் கருகியது என்றாலே "கனெக்‌ஷன் லூஸ், எங்கள் குற்றமில்லை" என்றுதான் கம்பெனி சொல்லும். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். கேபிள் அளவு சரியா, லக் சரியா, டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) முறுக்கினாரா என்று மாட்டியவரிடம் கேளுங்கள். பிரேக்கரைத் திறக்காமல், கருகிய லக்கோடும் கேபிள் முனையோடும் அப்படியே எடுத்து வையுங்கள். பில்லும் லேபிளின் படமும் இல்லாமல் எங்கேயும் போக முடியாது. மாட்டியதில்தான் தவறு என்று தெரிந்தால் கேட்க வேண்டியது கடைக்காரரை அல்ல, மாட்டியவரை.

உங்களைவிடப் பெரிய நிறுவனங்களுக்குப் பொதுவாக இந்தக் கதவு இல்லை. அவர்கள் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி நோட்டீஸ் அனுப்பி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே வாரண்டி காலமும், பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தர வேண்டும் என்பதும் இருந்தால் அந்த அலைச்சல் குறையும்.

கேள்வி: தூத்துக்குடியில் மீன் பதப்படுத்தும் ஆலை. எம்சிசிபிகளுக்குப் பராமரிப்பே தேவையில்லை என்கிறார்களே?

திறந்து செய்யும் பராமரிப்பு தேவையில்லை, அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை லோடை இறக்கிவிட்டு, முகப்பில் இருக்கும் சின்ன ட்ரிப் பட்டனை அழுத்தி விழ வையுங்கள், பிறகு இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்யுங்கள். எர்த் லீக்கேஜ் பிரேக்கர் இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனையும் அழுத்துங்கள். கடல் காற்றில் உங்களுக்கு முதலில் போவது பிரேக்கர் இல்லை, டெர்மினல் போல்ட்டும் பேனல் கதவின் ரப்பர் கேஸ்கட்டும்தான். அந்தக் கேஸ்கட்டை இந்த வாரமே கையால் தொட்டுப் பாருங்கள். இறுகி விரிசல் விட்டிருந்தால் மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.