மலைக்கிராம மருத்துவருக்கு முதல் பயிற்சி எது?

கேள்வி: மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் மருத்துவர் எதில் முதலில் பயிற்சி பெற வேண்டும்?

பதில்: பாம்புக்கடியில். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாவிட்டால் விஷமுறிவு மருந்து 10 குப்பி, ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக. குழந்தைக்கும் அதே அளவுதான். பலர் தவறுவது இங்கே. பிளாஸ்டிக் குழாயும், சோப்பு போட்டுக் கழுவிய குழாயும் முடிவைக் கெடுத்துவிடும். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும்; அதன் கடியில் ரத்தம் உறையும். அதனால் அங்கே தொங்கும் இமையைக் கவனிக்க வேண்டும்.

ஒவ்வாமைக்கு அஞ்சி, மருந்து போடாமலே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதுதான் ஆபத்து. ஒவ்வாமை வந்தால் சொட்டை நிறுத்தி, பெரியவருக்கு 0.5 மி.கி. அட்ரினலின் தொடைத்தசையில் போடவேண்டும். சிரிஞ்சில் முன்பே ஏற்றி வைத்திருந்தால் கை நடுங்காது.