இரண்டு நெறிக்கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய், ஆரம்ப நிலை. லேப்ராஸ்கோபியில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, சாயம் செலுத்தி ஓரிரு நெறிக்கட்டிகளை மட்டும் எடுக்கப் போகிறார்களாம். எல்லாவற்றையும் எடுத்தால்தானே நிம்மதி? வயிற்றைத் திறந்து செய்வதே நல்லது என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

பதில்: நீங்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் ஆரம்ப நிலையில் நெறிக்கட்டியை (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு) எடுப்பது நோயைத் துடைத்தெடுக்க அல்ல, அது எதுவரை போயிருக்கிறது என்று பார்க்கத்தான். கர்ப்பப்பையிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறிக்கட்டி பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும், பரவினால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் பரவும். கர்ப்பப்பை வாயில் பச்சைச் சாயத்தை ஊசியால் செலுத்திவிட்டு, உள்ளே கேமராவை அகச்சிவப்பு ஒளிக்கு மாற்றினால், அதுவரை வெறும் மஞ்சள் கொழுப்பாகத் தெரிந்த இடத்தில் நூல் போல ஒரு பச்சைக்கோடு ஓடி, மொச்சைக்கொட்டை மாதிரி ஒன்றில் போய் நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. அதை மட்டும் எடுத்து, மெல்லிசாகப் பல சீவல்களாக வெட்டிப் பார்ப்பார்கள், அதனால் வழக்கமான சோதனையில் நழுவும் சில செல்கள்கூட மாட்டிக்கொள்ளும். 2017இல் வெளியான ஆய்வில் நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தவர்களில் 97 சதவீதம் பேரை இந்த முறை சரியாகக் கண்டுபிடித்தது. அப்படிப் பரவியவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் தவறலாம், அதையும் மறைக்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்தால் என்ன என்றால், கால் வீங்கும். எல்லோருக்கும் இல்லை, ஆனால் வந்தால் சுலபத்தில் போகாது. காலையில் சரியாக இருந்த செருப்பு சாயங்காலம் இறுக்கும். அதற்கு ஈடாக ஆயுள் கூடுகிறதா என்று ஆரம்ப நிலை நோயாளிகளிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் செய்தார்கள், கூடவில்லை.

சரி, லேப்ராஸ்கோபி? 2012இல் வந்த அமெரிக்க ஆய்வில், ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் இரண்டு முறையிலும் 89.8 சதவீதம். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு, ஆனால் அது வேறு நோய்க்கு: கர்ப்பப்பை *வாய்ப்* புற்றுநோயில் திறந்து செய்வதே மேல் என்று 2018 ஆய்வு காட்டியது. இரண்டையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள்.

மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு பக்கம் சாயம் ஏறாவிட்டால் அந்தப் பக்க நெறிக்கட்டிகளை என்ன செய்வீர்கள்? கர்ப்பப்பையைத் துண்டு போடாமல் முழுசாக வெளியே எடுப்பீர்களா? அப்புறம், அந்தப் பச்சைச் சாயத்தில் அயோடின் இருப்பதால், அம்மாவுக்கு அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.